குவைத்துக்குப் போன நத்தத்துப் புளி

குவைத்தில் இறங்கிய முதல் நாளே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. காரணம் ஒரு குழாய். காசிம் பாய் தங்கியிருந்த அறைக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு தொட்டியும் அதில் ஒரு பித்தளைக் குழாயும் இருந்தன. திருகினேன். தண்ணீர் கொட்டியது. ஒரு கை குடித்துப் பார்த்தேன். உப்பும் இல்லை, சேற்று வாடையும் இல்லை.

“இது எந்த ஆத்துத் தண்ணி பாய்?” என்று கேட்டேன்.

“ஆறா? இங்க ஆறும் இல்ல, கெணறும் இல்லண்ணே. கடல் தண்ணியக் காய்ச்சி, ஆவியாக்கி எடுக்குறாக” என்றார்.

திண்டுக்கல்லில் குடத்தோடு வரிசையில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடும் என் மனைவி நினைவுக்கு வந்தாள். குஜிலியம்பாறையில் என் பெரியம்மா மகன் மூன்று வருஷமாக வானத்தைப் பார்த்தே கம்பு விதைக்கிறான். இந்த ஊரில் மழையும் கிடையாது, மரமும் கிடையாது. ஆனால் குழாயைத் திருகினால் குடம் நிறைகிறது. நான் அந்தக் குழாயை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். முகம் கழுவினேன். பிறகு தேவையே இல்லாமல் இரண்டு தடவை கால் கழுவினேன்.

நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. திண்டுக்கல்லில் எனக்குப் புளி மண்டி. நத்தத்தில் என் தங்கை புருஷன் கருப்பையா நான்கு புளியந்தோப்புகளைக் குத்தகைக்கு வைத்திருந்தான். எடுக்கச் சொன்னதே நான்தான். அந்த வருஷம் காய்ப்பு அதிகமாகி விலை படுத்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் தோப்புகள் அவனிடம் நிற்கும். இல்லாவிட்டால் தோப்புக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குவைத்தில் புளிக்குக் கிராக்கி இருக்கிறது, சர்பத் போட்டுக் குடிக்கிறார்கள் என்று காசிம் பாய் எழுதியிருந்தார். கீழக்கரைக்காரரான அவர் அங்கே ஒரு சரக்குக் கொட்டகையில் எழுத்தர். அரபி நன்றாகப் பேசுவார். அவர் கடிதத்தை நம்பி, இரண்டு தகர டப்பாவில் புளியை அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குவைத் தனி நாடாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்பு வரை அங்கே ஓடியது நம்முடைய ரூபாய்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த உரிமையோடு டீக்கடையில் பையைத் தொட்டேன். கடைக்காரன் சிரித்துக்கொண்டே ஒரு புது நோட்டைத் தூக்கிக் காட்டினான். இப்போது தினாராம். கோர்ட்டில் கேஸ் தோற்றவன் மாதிரி கையை வெளியே எடுத்துக்கொண்டேன். டீக்கு பாய்தான் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலையில் வியாபாரியைப் பார்க்கப் போனோம். போகும் வழியில் பாய் எனக்கு அந்த நாட்டு நிலவரத்தைச் சொன்னார். பத்திரிகையில் நான் பத்துத் தடவை படித்தும் புரியாதது, அவர் சொன்ன விதத்தில் ஒரே தடவையில் புரிந்தது.

“இந்த அரபு நாடுக எல்லாம் பங்காளிகண்ணே. ஒண்ணாச் சேந்து ஒரு சபை வச்சிருக்காக. இவுக தனிக்குடித்தனம் போனதும், வடக்க இருக்குற பங்காளி ‘அந்த வீடே என் பாகம்’னு கெளம்பிட்டான். மத்த பங்காளிக எல்லாம் சபையக் கூட்டி, ‘அதெல்லாம் இல்ல, இவன் தனிக் குடும்பம்’னு சொல்லி, காவலுக்குப் பட்டாளமும் அனுப்பி வச்சாக.”

“அதுக்கும் புளிக்கும் என்ன பாய்?”

“இருக்குண்ணே. காவலுக்கு வந்தவுகளுக்கு இவுக கடமைப்பட்டிருக்காக. சரக்கு வாங்குறதுன்னாலும் மொதல்ல அவுககிட்டதான்.”

அப்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பங்காளிகள் பாகம் பிரிக்கிற வீட்டில் வெளியாள் போய் உட்கார்ந்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்று திண்டுக்கல் கோர்ட்டு வாசலில் நிறையப் பார்த்தவன் நான்.

வியாபாரியின் பெயரை யாரும் சொல்லவில்லை. ‘அபு காலித்’ என்றார்கள், அதாவது காலித்தின் அப்பா. எங்கள் தெருவில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லாமல் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை. சுவரோரமாக மெத்தை போட்டு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே சிறுத்தைத்தோல் மாதிரி புள்ளி போட்ட ஒரு ஜோடி கிடந்தது. இப்படி ஒரு செருப்பை எவன் போடுவான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

போட்டவன் உள்ளே இருந்தான். ஆறடி உயரம், நல்ல கறுப்பு, வெள்ளை அங்கி, பெரிய தலைப்பாகை. பேர் உஸ்மான். சூடான்காரன். அவன் முன்னால் ஒரு சாக்கு, சாக்குக்குள் வட்ட வட்டமாகத் தட்டி வைத்த கறுப்புப் புளி.

அபு காலித் எனக்குக் கை கொடுத்தார். நல்ல மனிதர்தான், சிரித்தார், நலம் விசாரித்தார். ஆனால் உஸ்மான் ஏதோ சொன்னதும் எழுந்து போய் அவனைத் தோளோடு அணைத்தார். என்ன விஷயம் என்று பாயைக் கேட்டேன்.

“உஸ்மானோட தம்பி சூடான் பட்டாளத்துல இருக்காராம். இங்க எல்லையில காவலுக்கு நின்னுட்டுத் திரும்புனவராம். அவர் சொகமா ஊர் போய்ச் சேந்த சேதி வந்திருக்காம்.”

எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். வடமதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவன் எந்த எல்லையிலும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அந்த நிமிஷம் அவன் மேல் கோபம் வந்தது.

காப்பி கொடுத்தார்கள். நம் காப்பி இல்லை. பாலும் சர்க்கரையும் இல்லாமல், ஏலக்காய் மணத்தோடு மஞ்சளாக ஒன்று, விரல் நுனி அளவு கோப்பையில். குடித்தேன். ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொன்னால் தப்பாக நினைப்பார்களே என்று அதையும் குடித்தேன். மறுபடி ஊற்றினார்கள். ஏழாவது கோப்பையில் எனக்கு நெஞ்சு படபடத்தது. உஸ்மான் தன் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தான், அவனுக்கு ஊற்றுவது நின்றுவிட்டது. போதும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். பங்காளிக்குத் தெரிந்தது வெளியாளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

பிறகு புளியைப் பார்த்தார்கள். நத்தத்துப் புளியை நான் தட்டில் வைத்தேன். கோது, நார், கொட்டை ஒன்றும் இருக்காது. அறுத்து வைத்த கறி மாதிரி செக்கச்செவேல் என்று இருந்தது. அபு காலித் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். “தமர் ஹிந்தி” என்றார். அரபியில் புளிக்கு அதுதான் பேர், இந்தியப் பேரீச்சம்பழம் என்று அர்த்தம் என்றார் பாய். எனக்கு மார்பு விம்மியது. அடுத்த நிமிஷமே உஸ்மானின் கறுப்புப் புளியைப் பிட்டு வாயில் போட்டு, அதற்கும் “தமர் ஹிந்தி” என்றார். அவன் ஊரில் விளைந்த புளிக்கும் என் நாட்டுப் பேர்! அதைச் சொல்லி அவன் விற்றுக்கொண்டிருக்கிறான். அந்த வயிற்றெரிச்சலை எழுதினால் இந்தக் கட்டுரை போதாது.

அபு காலித் அன்று முடிவு எதுவும் சொல்லவில்லை. “இரண்டும் நன்றாக இருக்கிறது, யோசிக்கிறேன்” என்றார். நான் எழுந்து கும்பிட்டு, “போயிட்டு வாரேங்க” என்றேன். பாய் அதை அரபியில் சொன்னார். அவர் முகம் மலர்ந்து பதில் சொன்னார். “வாங்கன்னு சொல்றாக” என்றார் பாய். இருவரும் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் பாய்க்கு வேலை. நான் தனியாகத் துறைமுகம் பார்க்கக் கிளம்பி, தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது கடலுக்குப் போகாமல் பாலைவனத்துக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் புழுதிக்காற்று அடித்து ரோடு மறைந்தது. பஸ்ஸின் பின்சக்கரம் மணலுக்குள் இறங்கியது. எங்கள் நத்தம் பஸ் நின்றால் கண்டக்டர் எல்லாரையும் திட்டிக்கொண்டே தள்ளச் சொல்வார். இங்கே டிரைவரே முதலில் இறங்கி, தலைத்துணியைப் பிரித்துச் சக்கரத்தடியில் போட்டுவிட்டுத் தள்ளினார். நானும் தள்ளினேன். சக்கரம் வெளியே வந்ததும் அவர் எனக்கு ரொட்டியும் ஒரு பெரிய வெங்காயமும் கொடுத்தார். “மிஸ்ர், மிஸ்ர்” என்று வெங்காயத்தைக் காட்டினார். எகிப்து வெங்காயம். கடித்தேன், தித்தித்தது. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. இதெல்லாம் வெங்காயமா? எங்கள் சின்ன வெங்காயம் நான்கு உரித்தால் பழைய சோற்றுக்கு வேறு வெஞ்சனமே வேண்டாம். ஆனால் கப்பலேறி வந்திருப்பது இதுதானே என்று நினைத்து, மிச்ச ரொட்டியைப் பையில் வைத்துவிட்டேன்.

ஊருக்குள் வந்து சேரும்போது வெயில் உச்சி தாண்டியிருந்தது. முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடலாம் என்று நேராக அபு காலித் கடைப் பக்கம் நடந்தேன். பாய் இல்லாவிட்டால் என்ன, முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெருமுனையிலேயே ஆட்டுக்கறி மணம். வாசலில் அந்தப் புள்ளிச் செருப்பு.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரிய தாம்பாளத்தில் சோறு மலைபோல் குவிந்திருப்பதும், அதன் மேல் முழு ஆடு கிடப்பதும் தெரிந்தது. பக்கத்தில் உஸ்மானின் தலைப்பாகை. அவனுக்கு விருந்து. ஆட்டை அடித்து விருந்து வைக்கிறார்கள் என்றால் ஆர்டர் யாருக்கு என்று யாராவது எனக்கு மொழிபெயர்க்க வேண்டுமா? செருப்பைப் பார்த்தேன். அதைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. திரும்பி நடந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் பாய் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“அண்ணே, நேத்து எங்க போனீக? அபு காலித் ஒங்களுக்காக ஆடு அறுத்து வச்சுக்கிட்டு மத்தியானம் பூரா காத்திருந்திருக்காக!”

“எனக்காகவா? என்னை எப்பக் கூப்புட்டாரு?”

“நீங்கதான் போயிட்டு வாரேன்னு சொன்னீகளே?”

சொன்னேன். யார்தான் சொல்லமாட்டார்கள்? ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போறேன்’ என்று வாயெடுத்தால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். அப்படியே போய்விடுகிறவன்தான் போகிறேன் என்று சொல்வான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் என் தப்புண்ணே. நான் அதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லிட்டேன். போய்விட்டு மறுபடி வருவேன்னு நீங்க வாக்குக் குடுத்ததா அவுக எடுத்துக்கிட்டாக. ‘நாளைக்கு வரட்டும், காத்திருப்பேன்’னு சொன்னாக. நான் அதை நம்ம ஊர்ல சொல்ற வாங்கன்னு நெனச்சு, ‘வாங்க’ன்னு மட்டும் சொல்லிட்டேன்.”

எனக்கு வைத்த விருந்தைப் பார்த்து நான் வயிறெரிந்து திரும்பியிருக்கிறேன். அதைப் பாயிடம் சொல்லவில்லை. வாசல் வரை போனதை இந்தக் கட்டுரையில்தான் முதல் தடவை வெளியே சொல்கிறேன்.

உடனே ஓடினோம். அபு காலித் முகத்தில் முந்தாநாள் சிரிப்பு இல்லை. பாய் ‘போயிட்டு வாரேன்’ கதையை விளக்கிச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். ஆனால் அவர் சொன்னதைப் பாய் மெதுவாகத்தான் தமிழில் சொன்னார்.

“ரெண்டு பேரையும் ஒரே தட்டுல உக்கார வச்சு, ஆளுக்குப் பாதின்னு முடிக்கலாம்னு இருந்தாகளாம். விருந்துக்கு வந்திருந்தவுக எல்லாம் பசியோட காத்திருந்தாகளாம். நீங்க வரல. அதனால முழுசையும் உஸ்மானுக்கே சொல்லிட்டாகளாம். சபையில சொன்னதை மாத்த முடியாதுங்குறாக.”

உஸ்மானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் உஸ்மான் எழுந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். பெரிய, சூடான கை. ஏதோ சொன்னான்.

“அவரு என்ன சொல்றாருன்னா, அவர் பங்குல பாதியை நீங்க அனுப்புங்கன்றாரு. அவுக புளி கறுப்பு, நம்ம புளி செவப்பு. கலந்தா சர்பத்துக்கு நல்லதுன்றாரு. நேத்து இவரும் நீங்க வர்ற வரைக்கும் கைய வைக்க மாட்டேன்னு உக்காந்திருந்தாராம்ணே.”

அபு காலித் உஸ்மானைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. தம்பி எல்லையில் நின்றான், அதற்கு ஒரு அணைப்பு. இப்போது எனக்குப் பிச்சை போடுகிறான், அதற்கும் ஒரு பார்வை. எல்லா நல்ல பேரையும் இவன் ஒருத்தனே வாங்க வேண்டுமா?

“வேணாம்னு சொல்லுங்க பாய்” என்றேன்.

“அண்ணே, செத்த யோசிங்க...”

“சொல்லுங்க.”

பாய் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் கையை உருவிக்கொண்டு, தலையைப் பலமாக ஆட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. உஸ்மான் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் கருப்பையா காத்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் வண்டியிலேயே தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அரபு நாடுகள் எல்லாம் பங்காளிகள், ஒரு சபை வைத்திருக்கிறார்கள், பட்டாளம் அனுப்பியவனுக்குத்தான் வியாபாரம், நம்மை யார் சீண்டுகிறார்கள் என்று அரசியல் பேசினேன். மண்டியில் நான்கு பேர் கூடி அதைக் கேட்டார்கள். டெல்லிக்கு எழுத வேண்டும் என்றார் ஒருவர். கேட்கக் கேட்க எனக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது.

கருப்பையா மட்டும் அரசியல் பேசவில்லை. மறுநாள் நத்தத்தில் தோப்பைச் சுற்றி வந்தோம். தோப்புக்காரர்கள் ஆள் பார்த்துவிட்டார்களாம். என் தங்கை வீட்டில் புளி மூட்டை நடைவரைக்கும் அடுக்கிக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் அவள் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

“விடுங்க மச்சான். அம்புட்டுத் தூரம் போய்ப் பேசுனீகளே, அது போதும்” என்றான் கருப்பையா. பிறகு மரங்களைப் பார்த்துக்கொண்டே, “பாதி குடுத்திருந்தாக்கூட ரெண்டு தோப்பாவது நின்னிருக்கும்” என்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உஸ்மான் கையைப் பிடித்தது, நான் உருவியது, ஏன் உருவினேன் என்பது வரை. அவன் மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்த ஒரு புளியங்காயை உடைத்துக்கொண்டே கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரு பேரு என்ன சொன்னீக?”

“உஸ்மான்.”

“நல்ல மனுசன்” என்றான்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது. முகம்கூடப் பார்க்காத என் மச்சான் வாயாலேயே அந்த ஆள் நல்ல பேர் வாங்கிவிட்டான்.

கருப்பையா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். “காசிம் பாய்க்கு ஒரு காயிதம் போடுங்க மச்சான். அந்தப் பாதி இன்னும் இருக்கான்னு அவருகிட்டக் கேக்கச் சொல்லுங்க.”

“நானா கேக்கணும்?”

“நீங்கதான வேணாம்னு சொன்னீக?”

அன்று சாயங்காலமே மண்டியில் உட்கார்ந்து எழுதினேன். அது நான்கு வரிக் கடிதம். அதற்கு ஏழு தாள் கிழிந்தது.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது பாயிடமிருந்து பதில் வந்தது. உஸ்மான் நான் ஊர் திரும்பிய பிறகும் வெகு நாள் சூடானுக்கு எழுதாமல் காத்திருந்தாராம். கடைசியில் வேறு வழியில்லாமல் முக்கால் பங்குக்கு ஆர்டர் அனுப்பிவிட்டாராம். மீதிக் கால் பங்கு எங்களுக்கு, உடனே அனுப்பச் சொன்னார் என்று எழுதியிருந்தது. நான் நலமா என்றும் உஸ்மான் விசாரித்திருந்தார்.

கால் பங்குக்கு ஒரு தோப்புதான் நின்றது. மற்ற மூன்றும் கைமாறிவிட்டன. அதில் ஒன்று, நத்தம் ரோட்டை ஒட்டி இருப்பது, எங்களிடமே இருந்திருக்க வேண்டியது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.